கண்ணாடியைக் கழற்றினால் கண் மறுபடியும் திரும்புகிறதே?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஒரு வருடமாக வலது கண் மூக்குப் பக்கம் திரும்புகிறது. டாக்டர் பிளஸ் பவர் கண்ணாடி கொடுத்தார். போட்டிருக்கும்போது கண் நேராக இருக்கிறது. கழற்றினால் முன்பைவிட அதிகமாகத் திரும்புவதுபோல் தெரிகிறது. மாமியார், “மாறுகண் அதிர்ஷ்டம், கண்ணாடிதான் கெடுக்குது” என்கிறார். கண்ணாடியை விட்டுவிட்டு, பெரியவளானதும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: கண்ணாடியை விடாதீர்கள். போட்டதும் கண் நேராகிறது என்றால் வைத்தியம் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

உங்கள் மகளுக்குத் தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர், இருக்கிறது. தெளிவாகப் பார்க்க அவள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யும்போதெல்லாம் இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பும். உடம்பின் அமைப்பே அப்படி. அந்த வேலையைக் கண்ணாடி எடுத்துக்கொண்டால் கண் நேராகிவிடும். கழற்றினால் பழைய சிரமம், பழைய திருப்பம். தினமும் நேரான கண்ணைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அது கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குளிக்க, தூங்கத் தவிர மற்ற நேரமெல்லாம் கண்ணாடி இருக்கட்டும்.

ஆபரேஷன் கண்ணை அசைக்கும் தசைகளைத்தான் சரிசெய்யும், பவரைக் குறைக்காது. கண்ணாடி போட்ட பிறகும் திருப்பம் மிச்சமிருந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சே. கண்ணாடியோடு நேராக இருக்கும் கண்ணை ஆபரேஷன் செய்தால், பின்னாளில் அது வெளிப்பக்கம் ஓடக்கூடும்.

எனக்குக் கவலை அழகைப் பற்றியல்ல, பார்வையைப் பற்றி. திரும்பிய கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கித் தள்ளும். நாளாக ஆக அந்தக் கண் சோம்பல் கண்ணாகிவிடும். வீட்டில் அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கையைத் தட்டிவிட்டாலோ அழுதாலோ, வலது கண் பார்வை மங்கியிருக்கலாம். தட்டிவிடவில்லை என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை குறைந்திருந்தால் டாக்டர் நல்ல கண்ணை மூடிவைக்கப் பேட்ச் ஒட்டச் சொல்வார். மிதமான குறைவுக்குப் பெரும்பாலும் தினம் 2 மணி நேரம் போதும். கண்ணாடி மேல் ஒட்டினால் ஓரம் வழியாக எட்டிப் பார்ப்பார்கள்; தோல் மேல்தான் ஒட்ட வேண்டும். ஓவியம், வண்ணம் தீட்டுதல் என்று கையில் வேலை கொடுங்கள். 7 வயதுக்குள் பலன் நன்றாகக் கிடைக்கும். பிறகும் கிடைக்கும், ஆனால் மெதுவாக. பெரியவளாகும்வரை காத்திருப்பதில் இதுதான் ஆபத்து. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அதிர்ஷ்டத்தைப் பற்றி வாதாட வேண்டாம்.

வளர வளரப் பலருக்குப் பிளஸ் பவர் குறையும். சிலர் பதின்ம வயதில் கண்ணாடியை விட்டுவிடுவதும் உண்டு, எல்லோருக்கும் அப்படி நடக்காது. பள்ளியில் யாராவது ‘ஒன்றரைக்கண்’ என்று கேலி செய்தால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எந்த வயதுக் குழந்தைக்கும் திடீரென மாறுகண் வந்து, கூடவே தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் தாமதம் கூடாது. விழித்திரைப் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். மாறுகண்ணும் பிளஸ் பவரும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை என்பதால், தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்துவிடுங்கள்.