பதினைந்து வயதுப் பையனும் ஐந்து போலீஸ் ஸ்டேஷனும்: ஹோம்கமிங் கேள்வி பதில்

ஸ்பைடர்மேன் படங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது 2017இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’தான் என்று போன வாரம் சொன்னதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். கதை முழுக்க இதில் வரும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, டோபி மெக்வயர் நடித்த இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு இதைப் போய் முதலிடத்தில் வைக்கிறீர்களே, நியாயமா?

டோபி படங்களை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன் தம்பி. ஆனால் 2002இல் முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 26, 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு வந்தபோது அவருக்கு 28. இரண்டு பேரும் அருமையாக நடித்தார்கள், ஆனாலும் பள்ளிக்கூடப் பையன் என்றால் நம்மால் ஒரு அளவுக்குத்தான் நம்ப முடிந்தது. ஹோம்கமிங்கில் ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டருக்கு வயது 15, நடித்த டாம் ஹாலண்டுக்குப் படப்பிடிப்பின்போது 20. அமெரிக்கப் பிள்ளைகள் வகுப்பில் எப்படி உட்காருகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நியூயார்க்கில் பிராங்க்ஸ் சயின்ஸ் என்ற பள்ளியில் வேறு பெயரில் சில நாள் மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த உழைப்பு படத்தில் தெரிகிறது. பதறும்போது குரல் கீச்சென்று போவது, பெரியவர்கள் முன்னால் வாய் நிற்காமல் உளறுவது, பள்ளிப் பையை ஒரு சந்தில் வலையால் ஒட்டி வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் பை காணாமல் போயிருப்பது, இதெல்லாம் பதினைந்து வயது. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் இவனை உருவாக்கியபோதே இவன் பள்ளி மாணவன்தான். அதுவரை காமிக்ஸில் சின்னப் பையன் என்றால் பெரும்பாலும் பெரிய ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்கும் எடுபிடி. இவன் தனியாக நின்றான்.

ஒரத்தநாடு: ‘ஹோம்கமிங்’ என்றால் வீடு திரும்புவதுதானே? படத்தில் யாரும் எங்கிருந்தும் திரும்பவில்லையே?

அமெரிக்கப் பள்ளிகளில் வருடா வருடம் பழைய மாணவர்களை வரவேற்று நடத்தும் விழா அது. அதில் ஒரு நடன இரவும் உண்டு, பீட்டர் தன் பள்ளித் தோழி லிஸ்ஸை அழைத்துக்கொண்டு போவது அதற்குத்தான். இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. ஸ்பைடர்மேன் படம் எடுக்கும் உரிமை சோனியிடம் இருந்தது, 2015 பிப்ரவரியில் மார்வெலும் சோனியும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவனால் மற்ற மார்வெல் ஹீரோக்களோடு ஒரே படத்தில் வர முடிந்தது. நம் பேச்சில் சொன்னால் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டான்.

தஞ்சாவூர், ப்ளஸ் டூ மாணவர்: நியூயார்க்கில் அவ்வளவு கட்டிடம் இருக்கிறது, தொங்குகிறான். நம் ஊரில் இருந்தால் என்ன செய்வான்?

இதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. லிஸ் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் தூரத்தில் நீல வெளிச்சம் வெடிப்பதைப் பார்த்துக் கிளம்புவான். அது புறநகர், எல்லாம் தாழ்ந்த வீடுகள். கோல்ஃப் மைதானத்தில் வலையை வீசினால் அது போய் ஒட்ட ஒன்றுமே இல்லை, கடைசியில் முழு உடுப்போடு மூச்சிரைக்க ஓடுவான், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையாக வேலியை உடைத்துக்கொண்டு போவான். அதுவரை எந்த ஸ்பைடர்மேன் படத்தையும் பார்த்து எனக்கு இப்படித் தோன்றியதில்லை: இவன் நம் ஊரிலும் இருக்கலாம். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நம் பூமி தட்டையாகத்தான் கிடக்கிறது. பெரிய கோயில் விமானம் 216 அடி, ஆனால் அதைவிட்டால் அடுத்து வலை வீச என்ன இருக்கிறது? தென்னை வளையும், கரண்ட் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. நம் ஊர் ஸ்பைடர்மேன் வாய்க்கால் வரப்பில் ஓட வேண்டியதுதான். ஓடட்டும், அப்படி ஓடுகிற பையனைத்தான் எனக்குப் பிடித்தது.

திருவாரூர், லாரி வைத்துத் தொழில் செய்பவர்: எனக்கு அந்த வில்லன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. தப்பா?

தப்பே இல்லை அண்ணா, படம் அப்படித்தான் உங்களை உட்கார வைக்கிறது. மைக்கேல் கீட்டன் நடித்த அட்ரியன் டூம்ஸ் ஆரம்பத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர். முந்தைய அவெஞ்சர்ஸ் படத்தில் நியூயார்க்கில் நடந்த சண்டையில் இடிந்ததை அகற்ற நகராட்சியிடம் முறையாக வேலை எடுத்து, அதை நம்பி லாரி வாங்கி, ஆள் சேர்த்து இறங்கியிருக்கிறார். நடுவில் அரசும் ஐயன் மேனான கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க்கும் சேர்ந்த ஒரு துறை வந்து ‘இனி இது எங்கள் வேலை, கிளம்புங்கள்’ என்கிறது. கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தை ஆள வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கிடையாது, குடும்பம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோபத்தில் ஆயுதம் செய்து தெருவில் விற்கிறார், அது பீட்டர் தினமும் சாண்ட்விச் வாங்கும் கடையைச் சாம்பலாக்குகிறது. அந்தக் கடைக்காரரும் உழைத்துப் பிழைப்பவர்தான். அதனால் டூம்ஸின் கோபம் நியாயம், அவர் செய்தது அநியாயம் என்பேன்.

மயிலாடுதுறை: சண்டையே இல்லாத அந்தக் கார் காட்சிதான் படத்தின் உச்சம் என்கிறார்களே?

ஆமாம். அந்தக் கதவு திறக்கிற நொடியில் கும்பகோணம் தியேட்டரில் மொத்தக் கூட்டமும் ‘ஐயோ’ என்றது இன்னும் காதில் இருக்கிறது. பூங்கொத்தோடு லிஸ் வீட்டு வாசலில் நிற்கிறான், திறப்பவர் அவளுடைய அப்பா, அவன் இத்தனை நாளாகத் துரத்திய ஆள். அப்புறம் மூன்று பேரும் ஒரே காரில். லிஸ் முன் சீட்டிலிருந்து வெகுளியாகப் பேசிக்கொண்டே வருகிறாள், இவன் எப்போதும் எங்கேயோ காணாமல் போய்விடுவான், வாஷிங்டனில்கூட அப்படித்தான் என்று. டூம்ஸ் கண்ணாடி வழியாகப் பையனைப் பார்க்கிறார். சிக்னலில் கார் நிற்கிறது, அவர் முகத்தில் சிவப்பு வெளிச்சம். அவருக்குப் புரிகிற அந்தக் கணத்தில் அது பச்சையாக மாறுகிறது, வண்டி நகரவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பச்சையில் எனக்கு வயிற்றைப் பிசையும். மகளை இறக்கிவிட்டபின் அவர் பையனுக்கு நன்றியும் சொல்கிறார், மிரட்டவும் செய்கிறார், இரண்டும் உண்மை.

கும்பகோணம்: ஐயன் மேன் இல்லாமல் இவனால் ஒன்றும் முடியாது என்று காட்டிவிட்டார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார்க் கொடுத்த உடுப்பு பேசுவதும், அதில் நூற்றுக்கணக்கான வலை வகை இருப்பதும் எனக்கும் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் கப்பல் இரண்டாகப் பிளந்த பிறகு ஸ்டார்க் அந்த உடுப்பைத் திருப்பிக் கேட்கிறாரே, இது இல்லாமல் நீ ஒன்றுமே இல்லை என்றால் இது உன்னிடம் இருக்கவே கூடாது என்று, அந்த இடத்திலிருந்து படம் உங்கள் குற்றச்சாட்டுக்குத்தான் பதில் சொல்கிறது. கடைசிச் சண்டைக்குப் பழைய பனியன் துணியில் தானே தைத்த உடுப்போடுதான் போகிறான்.

பேராவூரணி: கஜாவுக்கு அப்புறம் அந்த இடிபாட்டுக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. எங்கள் தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. அந்தக் காட்சியைப் பற்றி எழுதுங்கள்.

எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை உங்கள் பக்கம் என்ன ஆனது என்பதை இரண்டு நாள் கழித்து நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த வேனில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். பட்டுக்கோட்டை தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. சாலையை அறுத்து வழி விட்டவர்களில் பாதிப் பேர் மீசை முளைக்காத பையன்கள்.

காட்சி இதுதான். டூம்ஸ் தூண்களை உடைத்துவிட்டுப் போக, கட்டிடம் மொத்தமும் பீட்டர் மேல் விழுகிறது. உதவிக்கு யாரும் வரப்போவதில்லை. முதலில் வீரவசனம் எதுவும் கிடையாது, குழந்தை மாதிரி அழுகிறான், ‘யாராவது இருக்கீங்களா, நான் கீழே மாட்டிக்கிட்டேன்’ என்று கத்துகிறான். அப்புறம் தேங்கிய தண்ணீரில் தன் முகம் பாதியும் முகமூடி பாதியுமாகச் சேர்ந்து தெரிவதைப் பார்க்கிறான். பிறகுதான் தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தூக்க ஆரம்பிக்கிறான். டாம் ஹாலண்ட் அந்த அழுகையில் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. சூப்பர் ஹீரோ படத்தில் ஒரு பையன் பயந்து அழலாம், அழுத பிறகும் எழுந்திருக்கலாம் என்று அவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதற்காகவே இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் காட்சிக்கு மூலம் 1966 பிப்ரவரி தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 33ஆம் இதழ், வரைந்தவர் டிட்கோ. அதில் அவன் ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் கிடக்கிறான், தண்ணீர் ஏறுகிறது, அவனை வளர்த்த மே சாகக் கிடக்கிறாள், அவளுக்கான மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கட்டம் கட்டமாகத் தூக்கிக்கொண்டே போவான். யாருக்காகத் தூக்குகிறான் என்பதை மறந்துவிடாதீர்கள், கடைசிக் கேள்வியில் அங்கேதான் வருகிறேன்.

வலங்கைமான், பள்ளி மாணவி: வலை கையிலிருந்து வருவது நிஜமா?

நிஜச் சிலந்திக்கு நூல் வருவது வயிற்றின் பின்முனையிலிருந்து. அதே எடைக்கு எஃகைவிட உறுதியானது என்பது உண்மை. 2002 படத்தில் உடம்பிலிருந்தே வரும், ஹோம்கமிங்கில் காமிக்ஸில் உள்ளபடி அவனே செய்த கருவி. வேதியியல் வகுப்பில் மேசை இழுப்பறைக்குள் மறைத்து வைத்து அந்தத் திரவத்தைக் காய்ச்சுவான், கவனித்துப் பார்.

நீடாமங்கலம்: எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

2016இல் வந்த சிவில் வார் முதலில், பிறகு இது, பிறகு இன்ஃபினிட்டி வார், எண்ட்கேம், ஃபார் ஃப்ரம் ஹோம், நோ வே ஹோம். ஏழு வயதுக்குக் காட்டலாம், பக்கத்தில் உட்காருங்கள். தமிழிலேயே காட்டுங்கள், பிள்ளை எழுத்தைப் படிக்கச் சிரமப்பட்டால் முகங்களைப் பார்க்காது. ஒரே ஒரு குறை, ‘எட்டு வருடம் கழித்து’ என்று வரும் கணக்கு மற்ற படங்களோடு ஒத்துப்போகாது, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

சீர்காழி: அக்கா, மே அத்தையைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே? அந்தப் பாத்திரம் வீண் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் ஒன்று, அவள் அத்தை இல்லை. மேயின் இறந்துபோன கணவர் பென் பீட்டருடைய அப்பாவின் அண்ணன், அப்படியானால் மே நம் முறைக்குப் பெரியம்மா. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் இந்த உறவின் நெருக்கம் நமக்கு வந்து சேராமல் போகிறது. பெரியம்மா என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள், படமே மாறிவிடும்.

எனக்கு அது மாறியதற்குக் காரணம் உண்டு. 2017இல் வழக்கம்போல ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கவில்லை, அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள். அதற்கு முந்தின வருடமும் காய்ந்ததுதான். குறுவை இல்லாமல் அக்காவும் மச்சானும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள், எட்டு வயது மகனை என்னிடம் விட்டுவிட்டு. தியேட்டர்கள் வரிப் பிரச்சினையால் மூடிக் கிடந்து ஜூலை 7 வெள்ளிக்கிழமை திறந்தன, அன்றுதான் இந்தப் படமும் வந்தது. அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தவனை அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மணலும் நாணலும்தான். அவன் படம் முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அன்று எனக்கும் ஸ்பைடர்மேன்தான் தெரிந்தான். இப்போது அவன் பதினாறு வயது, ப்ளஸ் ஒன், இரவு ஒன்பதுக்குள் வருகிறேன் என்று போனவன் பத்தரைக்கும் வரவில்லை என்றால் நான் வாசல் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அதனால் இப்போது அந்தக் காட்சியில்தான் நிறுத்துகிறேன். உடுப்பைப் பறிகொடுத்துவிட்டு, யாரோ கொடுத்த டி ஷர்ட்டும் ஹலோ கிட்டி போட்ட பைஜாமாவுமாகப் பீட்டர் வீட்டுக்குள் வருகிறான். மே கத்துகிறாள், ஐந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன், ஐந்து, என்கிறாள். தினமும் ராத்திரி நீ வெளியே போவது எனக்குத் தெரியும் என்கிறாள். அவன் எல்லாம் போச்சு என்று உடைந்ததும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை, கட்டிக்கொள்கிறாள். சில நாளில் அதே கையால் டை கட்டிவிட்டு, நடனம் சொல்லிக்கொடுத்து, காரில் கொண்டுபோய் விடுகிறாள்.

மரிசா டோமேக்குப் படத்தில் கிடைத்த நேரம் குறைவு, அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பாத்திரம் வீண் இல்லை. பென் என்ற பெயரைக்கூடப் படம் சொல்லாது, ‘அவளுக்கு நடந்ததெல்லாம் நடந்த பிறகு இதையும் சொல்லி நோகடிக்க முடியாது’ என்று பீட்டர் தன் நண்பன் நெட்டிடம் ஒரு வரி மட்டும் சொல்லுவான். வீட்டில் ஒருத்தி விழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். கான்கிரீட்டுக்கு அடியில் அவன் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பையன் வந்துவிட்டான், சோறு போடப் போகிறேன். மிச்சக் கேள்விகளுக்கு நாளைக்கு.