மலாயில் காலம் இல்லையா?

கேள்வி: நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகன், “மலாய் மொழியில் காலமே கிடையாதும்மா” என்கிறான். ‘சுடா’ இறந்தகாலம், ‘செடாங்’ நிகழ்காலம், ‘அக்கான்’ எதிர்காலம் என்றுதானே நாங்கள் படித்தோம்? யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: என் ஓட்டு உங்கள் மகனுக்குத்தான். மலாய் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. சாப்பிடுவதைச் சொல்லும் ‘மக்கான்’ நேற்றும் ‘மக்கான்’தான், நாளையும் ‘மக்கான்’தான். ‘சுடா’ சொல்வதெல்லாம் செயல் முடிந்தது என்பதை மட்டுமே. நாளைக்கு மாற்றிப் பாருங்கள்: ‘எசோக் புக்குல் லாப்பான், சாயா சுடா சம்பாய் ஈப்போ.’ அதாவது, நாளை எட்டு மணிக்கு ஈப்போ போய்ச் சேர்ந்திருப்பேன். இறந்தகாலச் சொல்லென்றால் நாளையோடு அது எப்படி ஒட்டும்? ‘செடாங்’கும் அப்படித்தான். நேற்றைய கதையிலும் ‘சாயா செடாங் மண்டி’ என்று தாராளமாகச் சொல்லலாம். குளித்துக்கொண்டிருந்தேன் என்று பொருள். ‘அக்கான்’ வேண்டுமானால் எதிர்காலத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும். சீன மாண்டரினில் வரும் ‘ல’ ‘சுடா’வின் கட்சி. ரஷ்ய மொழியிலோ, எழுதிக்கொண்டிருந்ததற்கும் எழுதி முடித்ததற்கும் தனித்தனி வினையே உண்டு.

எப்போது நடந்தது என்பது காலம். முடிந்ததா, நடுவில் நிற்கிறதா என்பது வினையின் நிலை. தமிழ் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. வந்தான், வந்துவிட்டான், வந்திருந்தான், வந்துகொண்டிருந்தான்: நான்கும் இறந்தகாலமே. ஆனால் வந்துகொண்டிருந்தவன் வந்து சேர்ந்தானா என்று கேட்டால் பதில் இல்லை! காலத்தைக் காட்டுவது வினைச்சொல்லின் நடுவில் வரும் இடைநிலை; நிலையைக் காட்டுவது விடு, இரு, கொண்டிரு போன்ற துணைவினைகள். பள்ளியில் முக்காலத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், துணைவினைகளைக் கண்டுகொள்வதே இல்லை. ‘சுடா’வை இறந்தகாலம் என்று நினைப்பது அதனால்தான் என்பேன்.

அப்புறம், காலம் காட்டும் உருபும் எப்போதும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. பினாங்கில் மாமாக் கடைத் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) தம்பியிடம் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், சொல்லுங்கள். “இதோ வந்துருச்சுண்ணே” என்பார். தேத்தூளே இன்னும் வடிகட்டிக்குள் போயிருக்காது. இனி நடக்கப்போவதை விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே தம்பியைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.