படுக்கைப் புண் யார் பொறுப்பு?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். வார்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. பெல் அடித்தால் சிஸ்டர் வருவதில்லை. மல்லாக்கப் போட்டது போட்டபடி. ஐந்தாம் நாள் பார்த்தால் முதுகுக்குக் கீழே சிவந்து தோல் உரிந்திருக்கிறது. டிரிப்ஸ் ஏறும் கையும் வீங்கிவிட்டது. கேட்டால் "வயசானவங்களுக்கு அப்படித்தான்" என்கிறார்கள். பில்லில் நர்சிங் சார்ஜ் மட்டும் தினமும் ஏறுகிறது. என்ன செய்வது?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: "வயசானவங்களுக்கு அப்படித்தான்" என்பது பாதி உண்மை. தோல் மெலிந்து போயிருப்பதால் புண் சீக்கிரம் வரும். அதற்காகத்தானே 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது! வால் எலும்பிலும் குதிகாலிலும் உடம்பின் எடை விடாமல் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்துப்போகும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் தப்பித்தது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. தோலே உரிந்துவிட்டால் இரண்டாம் கட்டம். உங்கள் மாமியாருக்கு அதுதான். சலைனால் கழுவி டிரெஸ்ஸிங் போடச் சொல்லுங்கள். பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் சதை இன்னும் நசுங்கும். புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே சர்ஜன் பார்த்தாக வேண்டும்.

திருப்புவதிலும் கவனம் வேண்டும். எந்தப் பக்கம் திருப்பலாம் என்று முதலில் சர்ஜனிடம் கேளுங்கள். செயற்கை மூட்டு வைத்திருந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை இல்லாமல் திருப்பக் கூடாது. கால் உள்பக்கம் சாய்ந்தால் மூட்டு நழுவிவிடும். முழுக்க ஒருக்களிக்க வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். மேலே நகர்த்தும்போது இழுக்காமல் இரண்டு பேர் விரிப்போடு தூக்க வேண்டும். இழுக்கும்போதுதான் தோல் உரிகிறது. காற்று மெத்தை கேளுங்கள், ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று திருப்புவதை நிறுத்திவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம் வேண்டவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடும்.

கை வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் டிரிப்ஸை நிறுத்தி ஊசிக்குழாயை உடனே எடுத்துவிட்டு வேறு கையில் போட வேண்டும். குழாய் போட்ட தேதியைப் பிளாஸ்திரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் அதையும் கேளுங்கள்.

இதையெல்லாம் ராத்திரி தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் சிஸ்டரிடம் கத்திப் பயனில்லை. ஷிஃப்ட் மாறும்போது கட்டிலருகே நின்று வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். திருப்பிய நேரங்களைக் குறித்த சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். குறிக்கவே இல்லையா, அல்லது எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். பெங்களூரு வார்டுகளில் மலையாள நர்ஸ்கள் நிறைய உண்டு. வாய்ப்பேச்சுக்குத் தமிழ் ஓடிவிடும். புகாரை மட்டும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதி, நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். புண்ணைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேஸ் ஷீட் கேட்டால் தருவார்களா? வழக்குப் போடலாமா?
- வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாதீர்கள். நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள், உண்மை அங்கேதான் இருக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி செல்லாது.