பஞ்சம் பிடித்த ஊரில் என்ன கொண்டாட்டம்?

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வரும் ஜனவரியில் மூன்று வாரம் அலுவலக வேலையாக அடிஸ் அபாபா போகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எத்தியோப்பியாவில் ஆசிரியராக இருந்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன். நான் சைவம். மூன்று வாரம் சமாளிக்க முடியுமா? இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கத் திருவிழா அப்போது வருகிறதாம், வெளியாட்கள் போகலாமா? இருட்டிய பிறகு ஒரு பெண் பாட்டு கேட்கவோ வெளியே சாப்பிடவோ போய்வருவது பாதுகாப்பா? கடைசியாக ஒன்று. வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது அண்ணன், "பஞ்சம் பிடித்த ஊரில் போய் உனக்கென்ன கொண்டாட்டம்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அது மனதில் தங்கிவிட்டது. சோற்றுக்குக் கஷ்டப்படும் நாட்டில் நாம் சந்தோஷமாகச் சுற்றுவது தப்பில்லையா?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் அடிஸில் இறங்கிய அரைநாளில் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். நான்காவதைக் கேட்பவர் உங்கள் அண்ணன். அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 2024 கடைசியில் அடிஸில் இரவுப் பாட்டுக்குப் பேர்போன கசான்சிஸ் பகுதியில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். அதுமுதல் அந்த ஊரின் இரவுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அண்ணனை முதலில் பார்த்துவிடுவோம். ஒல்லியான பையனைக் கண்டால் "சோமாலியாவிலிருந்து வந்தியா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆட்கள் நாம். அவர் மனதில் இருப்பது 1984 அக்டோபரில் கோரெம் முகாமிலிருந்து பிபிசி காட்டிய படங்கள். அவர் அவற்றைப் பார்த்தே இருக்கமாட்டார், ஆனாலும் அவை அவருக்குள் இருக்கின்றன. சரி, நான் ஒன்று கேட்கிறேன். 1876-லிருந்து 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் கோவை, சேலம் பக்கமெல்லாம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதை நினைத்து யாராவது திருப்பூர் கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா? 1943 வங்கப் பஞ்சத்தை நினைத்துக் கல்கத்தாவில் ரசகுல்லா சாப்பிடக் கூசியவர் உண்டா? நம் பஞ்சம் நமக்கு வரலாறு. அவர்களுடைய பஞ்சத்தை மட்டும் அவர்களின் முகவரியாக்கிவிடுகிறோம். இதில் இரக்கம் இருப்பதாக அவர் நினைக்கலாம். எனக்கு அதில் இளக்காரம்தான் தெரிகிறது.

அந்த 1984-லேயே ஒரு கொண்டாட்டம் நடந்தது. அதைப் பற்றி அண்ணனுக்குச் சொல்லுங்கள். செப்டம்பர் மாதம், தெர்க் என்ற ராணுவ ஆட்சி பதவிக்கு வந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. அதன் தலைவர் மெங்கிஸ்து ஹைலே மரியம் தலைநகரை வளைவுகளாலும் கொடிகளாலும் அலங்கரித்து, அணிவகுப்பு நடத்தி, வெளிநாட்டு விருந்தாளிகளை அழைத்து விழா எடுத்தார். வடக்கே வொல்லோவிலும் திக்ரேயிலும் மழை பொய்த்து, அதன் மேல் உள்நாட்டுப் போரும் சேர்ந்து, மக்கள் சாகத் தொடங்கியிருந்தார்கள். விழா முடியும்வரை அந்தச் செய்தியை அமுக்கி வைத்தார்கள். கொண்டாட்டத்தில் குற்றம் தேடுவதாக இருந்தால் அங்கே தேடலாம்.

அதே சமயத்தில் சாதாரண அடிஸ்வாசிக்கு இரவே இல்லை. தெர்க் வந்ததிலிருந்து ஊரடங்கு. நேரம் முன்னே பின்னே மாறும், ஆனால் இரவு வீதி ராணுவத்துக்குச் சொந்தம் என்பது மாறாது. 1985 ஜூலையில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் எத்தியோப்பியாவின் பஞ்ச நிதிக்காக மணிக்கணக்கில் பாடினார்கள், உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. யாருக்காகப் பாடினார்களோ அந்த நாட்டின் தலைநகரில் ஒரு பாடகர் கச்சேரி முடித்து வீட்டுக்கு நடந்துபோக முடியாது. நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அதற்கு முன்னால் அந்த ஊர் எப்படி இருந்தது தெரியுமா? எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. 1924-இல் ராஸ் தஃபாரி, அதாவது பின்னாளைய பேரரசர் ஹைலே செலாசி, ஜெருசலேம் போனபோது அங்கே அநாதைகளாக இருந்த 40 ஆர்மீனியப் பிள்ளைகள் பித்தளை வாத்தியம் வாசிப்பதைக் கேட்டு, மொத்தக் குழுவையும் தன் நாட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். அந்த வாத்தியங்கள் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் மெய்க்காவல் படைக்கும் பரவின. அறுபதுகளில் அந்தச் சீருடைக் குழுக்களிலிருந்துதான் நவீனப் பாட்டு கிளம்பியது. திலஹுன் கெசெசே மெய்க்காவல் படை இசைக்குழுவின் பாடகர். இசைத்தட்டு வெளியிடும் உரிமையை அரசு சார்ந்த ஓர் அமைப்பே வைத்திருந்தது. அம்ஹா எஷெத்தே என்ற இளைஞர் 1969-இல் அதை மீறிச் சொந்தமாகத் தட்டுப் போட ஆரம்பித்தார். முலாத்து அஸ்தாத்கே, மஹ்மூத் அஹ்மத் என்று இன்று உலகம் கொண்டாடும் பெயர்களெல்லாம் அந்தச் சில ஆண்டுகளின் இரவு விடுதிகளில் வளர்ந்தவை. 1974-இல் தெர்க் வந்தது. அம்ஹா அடுத்த ஆண்டே அமெரிக்கா போய்விட்டார்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஊரடங்கு தொடங்கும் முன்பே ஹோட்டலுக்குள் போய்விடுவார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். விடிந்து ஊரடங்கு விலகும்வரை யாரும் வெளியே வர முடியாது. இசைக்குழுவும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆடுகிறவர்களும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். என் வயதுக்கு மூத்த ஒரு சக ஆசிரியர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "தூக்கம் வந்தால் மேசையடியில் படுத்துக்கொள்வோம், வெளியே போனால் சுட்டுவிடுவார்கள்" என்பார். 1977-78-இல் ராணுவ ஆட்சியின் செம்பயங்கரவாதம் நடந்த நாட்களில் இளைஞர்களைக் கொன்று தெருவில் போட்ட ஊர் அது. அங்கே ஒருவர் இரவில் நடனமாடப் போனார் என்றால், அண்ணன் சொல்கிற கொண்டாட்டத்தோடு அதை எப்படிச் சேர்ப்பது?

1991-இல் மெங்கிஸ்து ஓடிப்போனார். ஊரடங்கு முடிந்ததும் கசான்சிஸில் வரிசையாக அஸ்மாரி வீடுகள் முளைத்தன. அஸ்மாரி என்பவர் பரம்பரைப் பாடகர். கையில் மசின்கோ, குதிரைமயிரால் செய்த ஒற்றை நரம்பு வாத்தியம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டுவார், புகழ்வார், அதே மூச்சில் கிண்டலும் செய்வார். இத்தாலிய ஆக்கிரமிப்பின்போது பாட்டுக்காகவே அஸ்மாரிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் கவிதை மரபுக்கு மெழுகும் தங்கமும் என்று பெயர். மேலே ஒரு பொருள், உருக்கிப் பார்த்தால் உள்ளே வேறு பொருள். காளமேகத்தை அங்கே உட்கார வைத்தால் விடியும்வரை எழுந்திருக்கமாட்டார்.

ஒரு நாள் இரவு என் துறை நண்பர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். சின்னக் கூடம், தாழ்வான முக்காலிகள், ஆய்வகக் கண்ணாடிக் குடுவை மாதிரி வயிறு பெருத்த சீசாவில் தெஜ் என்ற தேன் மது. பாட வந்த அம்மாளின் காதில் நண்பர் ஏதோ சொன்னார். அவர் என் முன்னால் வந்து நின்று பாட ஆரம்பித்தார். இரண்டு வரிதான் பாடியிருப்பார், கூடமே வெடித்துச் சிரித்தது. என்ன பாடுகிறார் என்று கேட்டேன். "தூர தேசத்திலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறார், நல்ல மனுஷர் என்று பாடுகிறார்" என்றார் நண்பர். அதற்கா இவ்வளவு சிரிப்பு? "அது மெழுகு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கத்தைக் கடைசிவரை சொல்லவில்லை. ஹைலே செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்களிடம் படித்த நாடு அது. கேரளத்திலிருந்து போனவர்கள் நிறைய. எங்கள் உச்சரிப்பையும் கண்டிப்பையும் பற்றி அவர்களிடம் ஒரு தலைமுறைக்கான நகைச்சுவை சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாள் தோளைக் குலுக்கி என்னையும் குலுக்கச் சொன்னார், குலுக்கினேன். அங்கத்து வழக்கப்படி ஒரு நோட்டை அவர் நெற்றியில் ஒட்டினேன். அந்த ஊரில் முதல்முறையாக யாரோ என்னை அடுத்த வீட்டுக்காரனாக நடத்தியது போல இருந்தது.

என்னோடு வேலை பார்த்த தமிழ் ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்லவர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். சனிக்கிழமை மெர்காத்தோ சந்தைக்குப் போய்ப் பருப்பு வாங்குவார்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே சாம்பார், சீரியல், ஊரில் மனை விலை. ஒப்பந்தம் முடிந்து திரும்பியதும், "அங்கே ஒண்ணுமே இல்லைங்க" என்பார்கள். சம்பளம் கொடுத்த ஊரில் ஒரு வீட்டுத் தட்டில்கூடக் கை வைக்காமல் வந்தவர்கள், ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் இது. நீங்கள் அந்த வரிசையில் சேர்ந்துவிடாதீர்கள் அம்மா.

கசான்சிஸ் இப்போது பழையபடி இல்லை. நகரை அழகாக்கும் திட்டம் என்று அகலச் சாலைகளுக்காக அந்தப் பகுதியைக் காலி செய்தார்கள். மெலாகு பெலாய் என்ற நடனக்காரர் வளர்த்தெடுத்த ஃபெண்டிகா என்ற அஸ்மாரி வீடும் தன் பழைய இடத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இந்த முறை இடிப்பு இயந்திரம் வந்தது, ஊரடங்கு தேவைப்படவில்லை. பாடகர்கள் எங்காவது இருப்பார்கள். இப்போது எங்கே நல்ல அஸ்மாரி என்று உங்கள் அலுவலகத்து ஓட்டுநரிடம் கேளுங்கள், மேலாளரிடம் கேட்டுப் பயனில்லை.

உங்கள் மற்ற கேள்விகள். பாதுகாப்பு: கைப்பேசியைக் கூட்டத்தில் வெளியே எடுக்காதீர்கள், இரவில் ரைடு செயலியில் வண்டி பிடியுங்கள், அலுவலகப் பெண்களோடு போங்கள். கோண்டாரில் திம்கத் இன்னும் பிரமாதமாக இருக்கும், ஆனால் அது இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023 முதல் சண்டை. அன்றைய நிலவரம் விசாரிக்காமல் தலைநகரை விட்டு வெளியே போக வேண்டாம்.

சைவத்துக்கு அதைவிட வசதியான நாடு கிடைப்பது கஷ்டம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 180 நாளுக்கு மேல் நோன்பிருப்பார்கள். நோன்பு நாளில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. பெரிய தட்டில் இன்ஜெராவை விரித்து, பெர்பெரே மசாலாவில் வெந்த மைசூர்ப் பருப்பு, கடலைமாவுக் குழம்பான ஷிரோ, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் என்று வட்டமாக வைத்துக் கொண்டுவருவார்கள். சோம் பெயாய்நெத்து என்று கேளுங்கள். ஜனவரி 7 அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், அதுவரை நோன்புக்காலம். அதன் பிறகு புதன், வெள்ளியில் நோன்புத் தட்டு நிச்சயம், மற்ற நாட்களில் கேட்டால் பல கடைகளில் கிடைக்கும். இன்ஜெரா தெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது. தயவுசெய்து அதை ஆப்பத்தோடு ஒப்பிட்டு முகநூலில் எழுதாதீர்கள், எழுதாத தமிழரே இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் வாயைத் திறங்கள். குர்ஷா என்பார்கள். கவளம் பெரிதாக இருந்தால் பிரியமும் பெரிது. கையைக் கழுவினாரா என்று யோசிக்கிற முகத்தை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மது வேண்டாம் என்றால் பிர்ஸ் கேளுங்கள், புளிக்காத தேன்நீர். காப்பிக்கு உட்கார்ந்தால் மூன்று சுற்றும் முடியாமல் எழுந்திருக்காதீர்கள்.

திம்கத்துக்குத் தாராளமாகப் போகலாம். வெள்ளைத் துணி உடுத்துங்கள், பாதிரியார்களுக்கு வழி விடுங்கள், போதும். ஜனவரி 19 என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், லீப் ஆண்டென்றால் 20. ஆனால் முந்தின நாள் பிற்பகலிலேயே தேவாலயங்களிலிருந்து தாபோத் என்ற புனிதப் பலகையைப் பட்டால் மூடித் தலையில் சுமந்து ஜன் மேதா மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். முன்னால் பையன்கள் சிவப்புக் கம்பளத்தை விரித்துக்கொண்டே ஓடுவார்கள், ஊர்வலம் தாண்டியதும் சுருட்டிக்கொண்டு மறுபடி முன்னால் ஓடுவார்கள். இரவு முழுக்கப் பாட்டும் பிரார்த்தனையும். விடியற்காலையில்தான் நீரை ஆசீர்வதித்துக் கூட்டத்தின் மேல் தெளிப்பார்கள். பத்தொன்பதாம் தேதி காலை டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் நிற்பவர்களுக்குப் பாதி போயிருக்கும். அதனால் பதினெட்டாம் தேதி மதியத்துக்கே அலுவலகத்தில் விடுப்பு கேட்டு வையுங்கள். ஸ்வெட்டர் வேண்டும், அந்த ஊர் 2300 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

அப்புறம், அங்கே கடிகாரம் விடியலிலிருந்து எண்ணும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. யாராவது உங்களை இரவு மூன்று மணிக்குப் பாட்டு கேட்கக் கூப்பிட்டால் அண்ணனுக்குச் சொல்லிப் பதற வைக்காதீர்கள். அவர்கள் சொல்வது ஒன்பது மணி.