வாலில் தீ இருந்தும் வெளிச்சம் இல்லை

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்கு அவள் சித்தப்பா தன்னுடைய பழைய கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவியையும் 'போக்கிமான் ஃபயர்ரெட்' கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளாக 'ராக் டனல்' என்ற குகையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே ஒரே இருட்டு. 'ஃப்ளாஷ்' என்று ஒரு வித்தை வேண்டுமாம். அது எங்கே கிடைக்கும்? அவளிடம் இருக்கும் சார்மீலியனுக்கு வாலிலேயே தீ எரிகிறதே, அதற்கே சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் லைட் போட்டாலும் திரை கறுப்பாகத்தான் தெரிகிறது.

பதில்: வால் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சார்மாண்டர், அது வளர்ந்த சார்மீலியன், அதற்கும் மேலே சாரிசார்ட், இந்த மூன்றில் எதற்கும் ஃப்ளாஷ் ஏறாது. மரம் வெட்டும் கட் ஏறும், பாறாங்கல்லைத் தள்ளும் ஸ்ட்ரெங்த் ஏறும், வெளிச்சம் மட்டும் வராது. அதே ஃபயர்ரெட்டில் முதுகில் குமிழோடு அலையும் பல்பசார் என்ற செடிப்பிராணி ஃப்ளாஷைக் கற்றுக்கொள்ளும். தீ வைத்திருப்பவனுக்கு விளக்கு ஏற்றத் தெரியாது, இலை வைத்திருப்பவனுக்குத் தெரியும். உங்கள் மகளின் கணக்கில் தப்பே இல்லை. ஆட்டத்தின் கணக்குதான் வேறு: ஃப்ளாஷ் அங்கே தீ வகை இல்லை, 'நார்மல்' வகை.

வித்தை இருக்கும் இடத்துக்கு வருகிறேன். அவள் ராக் டனலுக்குள் போய்விட்டாள் என்றால் கட் அவளிடம் இருக்கிறது. ரூட் 9இன் தொடக்கத்தில் நிற்கும் மரத்தை வெட்டாமல் அந்தப் பக்கம் யாரும் வந்திருக்க முடியாது. முதல் ஜிம் தலைவன் புரோக்கை ஜெயித்து வாங்கிய போல்டர் பேட்ஜும் இருக்கும். ஃப்ளாஷைச் சண்டைக்கு வெளியே பயன்படுத்த அந்தப் பேட்ஜ் கட்டாயம். ஆக, இல்லாதது ஃப்ளாஷைக் கற்றுக்கொடுக்கும் எச்.எம். 05 என்ற பொருள் ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் தொடக்கத்தில் முதல் போக்கிமானைத் தந்த புரொஃபசர் ஓக்கின் உதவியாளர் ஒருவர் ரூட் 2இல் உட்கார்ந்திருக்கிறார்.

ரூட் 2 என்றதும் 'அது ஆரம்பத்திலேயே கடந்த இடமாச்சே' என்பாள். கடந்ததுதான், ஆனால் மேற்கு ஓரமாக. கிழக்குப் பாதிக்கு அப்போது வழி இல்லை. இப்போது செருலியன் நகரிலிருந்து மேற்கே மவுண்ட் மூன் பக்கம் திரும்பிப் போகவும் முடியாது, அது மேட்டிலிருந்து குதித்து இறங்கி வந்த ஒருவழிப் பாதை. எனவே தெற்கே துறைமுக ஊரான வெர்மிலியனுக்குப் போய், அங்கிருந்து கிழக்கே ரூட் 11இல் கால் வைத்ததும் டிக்லெட் குகையின் வாசலைத் தேட வேண்டும். அந்தக் குகை இருட்டு இல்லை, பயப்பட வேண்டாம். நீளமாக ஒரே நடை. மறுமுனையில் வெளியே வந்தால் ரூட் 2இன் கிழக்குப் பாதி. தெற்கே இறங்கி, வழியில் நிற்கும் மரத்தைக் கட் வைத்து வெட்டினால் உதவியாளர் இருக்கும் கேட் வீடு வரும்.

அவர் சும்மா தரமாட்டார். ஆட்டத்தில் வரும் பிராணிகளான போக்கிமான்களில் பத்து வகை பிடித்திருக்க வேண்டும். பார்த்த கணக்கு செல்லாது, பிடித்த கணக்குதான். சார்மீலியன் ஒன்றையே வளர்த்துக்கொண்டு அதை வைத்தே எல்லாரையும் அடித்து வந்த பிள்ளைகள் இங்கேதான் சிக்குவார்கள். உங்கள் மகளும் அந்த ரகமோ என்று சந்தேகம். ஆனால் ஒன்று வளர்ந்து உருமாறினால் அது புது வகையாகவே எண்ணப்படும். சார்மாண்டராக ஒன்று, சார்மீலியனாக ஒன்று, இரண்டு ஆயிற்று. பிட்ஜி, ரட்டாட்டா, ஸ்பியரோ, ஸுபாட், ஜியோடியூட் என்று வழியெல்லாம் கிடப்பவற்றைப் பிடித்தாலே ஏழு. டிக்லெட் குகையில் டிக்லெட், எட்டு. மிச்சம் இரண்டை எங்கே பிடிப்பது என்பதில்தான் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இருக்கிறது.

நீங்கள் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் தேயிலைக்குள் நடந்து வருபவர். காட்டுமாடோ கரடியோ நிற்கும் பாதையில் நாலு பேராக வரும்போது டார்ச் பிடிப்பவர் ஒருவர், கம்பு பிடிப்பவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் கையில் கொடுப்பதில்லை. ஃப்ளாஷ் விஷயத்திலும் அதேதான். 'எங்கே கிடைக்கும்' என்பதைவிட 'யாருக்குக் கொடுப்பது' என்பதே பெரிய கேள்வி. காரணம், ஒரு போக்கிமானுக்கு நான்கு வித்தைகளுக்குத்தான் இடம். எச்.எம். வித்தையை ஒருமுறை ஏற்றினால் அதன்மேல் வேறொன்றை எழுத முடியாது. அழிக்கவென்றே ஓர் ஆள் இருக்கிறார், ஃபியூஷியா நகரில். ராக் டனலைத் தாண்டி இன்னும் வெகுதூரம் போனால்தான் அந்த ஊர். 1996இல் ஜப்பானில் வந்த முதல் பதிப்புகளில் அந்த ஆளும் கிடையாது. ஏறியது ஏறியதுதான். அந்தக் காலத்தில் தன் செல்லப் பிகாச்சுவுக்கு ஃப்ளாஷைக் கொடுத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை வருந்தியவர்கள் எத்தனையோ பேர்.

சண்டையிலாவது உதவுமா என்றால், இந்தப் பதிப்பில் ஃப்ளாஷ் அநேகமாகத் தண்டம். எதிரிக்கு அடி விழாது, கண் கூசி அவன் குறி தவற வேண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு படும் அடி ஒரு ஃப்ளாஷுக்குப் பிறகு 75 ஆகும், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 50. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபயர்ரெட்டில் ஃப்ளாஷே நூற்றுக்கு 70 முறைதான் பலிக்கும். இதே வேலையை மண்ணை வாரி இறைக்கும் சாண்ட்-அட்டாக் நூற்றுக்கு நூறு செய்கிறது. மூன்று முறை கண்ணைக் கூச வைப்பதற்குள் எதிரி மூன்று நான்கு முறை அடித்திருப்பான். 2006இல் வந்த 'டயமண்ட்', 'பேர்ல்' பதிப்புகளில்தான் ஃப்ளாஷையும் நூறாக ஆக்கினார்கள்.

ஆகவே டார்ச்சுக்குத் தனி ஆள். என் தேர்வு டிரௌஸி. டிக்லெட் குகைக்குப் போகும் அதே ரூட் 11 புல்லில் திரிகிறது, தனியாக அலைய வேண்டாம். பத்து வகைக் கணக்கில் ஒன்றும் ஏறும். மனோசக்தி வகை என்பதால் ராக் டனலில் வரும் மசோப், ஸுபாட் இரண்டுக்கும் எதிராக நிற்கும். வெறும் சுமையாகக் கூடவே இழுபடாது. குகையைத் தாண்டியதும் ஆட்டத்தின் சேமிப்புப் பெட்டியில் போட்டுவிடலாம். வேறு ஏதாவது ஏற்கெனவே பிடித்திருந்தால் பிகாச்சு, ஆப்ரா, ஜிக்லிபஃப் எல்லாமும் கற்றுக்கொள்ளும். எச்.எம். தீர்ந்துபோகும் பொருள் இல்லை, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். அதனாலேயே பிள்ளைகள் கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் ஏற்றிவிடுவார்கள். அதை மட்டும் தடுங்கள்.

பத்தாவதாக ஆடிஷ் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபயர்ரெட்டில் செருலியனுக்கு வடக்கே ரூட் 24இல் கிடைக்கும். இது கம்பு பிடிக்கிற ஆள். ராக் டனலில் ஜியோடியூடும் ஓனிக்ஸும் மலிந்து கிடக்கும். கல்லும் மண்ணும் கலந்த வகை அவை. சார்மீலியனின் தீ அவற்றின்மேல் பாதிதான் படும், அவை எறியும் கல்லோ சார்மீலியன்மேல் இரட்டிப்பாக விழும். பிகாச்சுவின் மின்சாரம் மண் வகைமேல் ஏறவே ஏறாது. ஆடிஷின் இலைவகை அடி நான்கு மடங்கு. மூன்று நாளாக மாட்டிக்கொண்டதற்கு இருட்டு பாதிக் காரணம்தான், மீதி இந்தக் கற்கள் என்று நினைக்கிறேன்.

குகைக்குள் போனதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, போக்கிமான் பட்டியலில் டிரௌஸியைத் தேர்ந்தெடுத்து, ஃப்ளாஷ் என்பதைத் தட்ட வேண்டும். வாசலில் ஒருமுறை ஏற்றினால் போதும், ஏணியில் மேல்தளம் கீழ்த்தளம் மாறி மாறிப் போனாலும் அணையாது. குகையைவிட்டு வெளியே வந்தாலோ, தோற்று மருத்துவமனைக்குத் திரும்பினாலோ மறுபடி ஏற்ற வேண்டும். வாசலுக்குப் பக்கத்திலேயே ரூட் 10இல் ஒரு போக்கிமான் சென்டர் இருக்கிறது. உள்ளே நுழையுமுன் அங்கே எல்லாரையும் குணப்படுத்தி, சேவ் செய்துவிட்டுப் போவது நல்லது.

ஃப்ளாஷ் இல்லாமலே போக முடியாதா என்றால், முடியும். குகை யாரையும் தடுப்பதில்லை. ஃபயர்ரெட்டில் நம் ஆளைச் சுற்றிச் சின்ன வட்டம் அளவுக்குத் தெரியும், சுவரைத் தடவித் தடவிப் போய்விடலாம். முதல் பதிப்புகளில் கேம் பாய்க்கு நான்கே நிறச் சாயல்கள். எல்லாவற்றையும் கறுப்புப் பக்கமாக நகர்த்தி இருட்டு காட்டினார்கள், உற்றுப் பார்த்தால் சுவரின் விளிம்பு லேசாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், இருட்டில் நிற்கும் பயிற்சியாளர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. ஒதுங்கிப் போக வாய்ப்பே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சண்டை. குன்னூருக்கு மலை ரயிலில் ஏறும்போது குகைக்குக் குகை பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்களே, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தம் 16 குகைகள். ஒவ்வொன்றும் கத்தி முடிப்பதற்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடும், அதனால்தான் அது குஷி. ராக் டனல் அப்படி முடிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெறுத்துப்போய் ஆட்டத்தையே மூலையில் போட்டுவிடும். என்னைக் கேட்டால் ஒரு மாலை செலவழித்து ஃப்ளாஷை எடுத்துவந்துவிடலாம். அந்தச் சுற்றில் டிக்லெட்டும் டிரௌஸியும் சேர்கின்றன, சும்மா போன நடை இல்லை. காட்டுப் போக்கிமான் தொல்லைக்கு வெர்மிலியன் கடையில் ரிபெல் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு டப்பா 100 காலடிக்கு வரும், முன்னால் நிற்கும் போக்கிமானின் லெவலைவிடத் தாழ்ந்தவை கிட்டே வராது.

சித்தப்பா அடுத்து வேறு கேசட் கொடுத்தால் இந்த வழி அதற்குப் பொருந்தாது. 'ரூபி', 'சஃபயர்' பதிப்புகளில் கிரானைட் குகை வாசலிலேயே ஒருவர் ஃப்ளாஷைக் கொடுத்துவிடுவார். 'கோல்ட்', 'சில்வர்' என்றால் ஸ்ப்ரௌட் கோபுரத்து உச்சியில் இருக்கும் பெரியவரை ஜெயிக்க வேண்டும். 2016இல் வந்த 'சன்', 'மூன்' பதிப்புகளோடு எச்.எம். ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

கடைசியாகத் திரை. இதில் பிள்ளையின் குற்றமும் இல்லை, கேசட்டின் குற்றமும் இல்லை. 2001இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரைக்குள் விளக்கே கிடையாது, வெளியே இருந்து விழும் வெளிச்சத்தில்தான் படம் தெரியும். மடக்கி மூடும் எஸ்.பி. மாடல் 2003இல் வந்தபோதுதான் திரைக்கு விளக்கு கிடைத்தது. உங்கள் வீட்டில் இருப்பது மடங்காத, படுக்கைவாட்டில் நீளமான மாடல் என்றால், ராக் டனலின் கறுப்பும் திரையின் கறுப்பும் சேர்ந்து இரட்டை இருட்டு. உத்தரத்தில் தொங்கும் பல்பு உதவாது, கண்ணாடியில் பளபளப்பு அடிக்கும். டேபிள் லேம்ப் இருந்தால் தோளுக்குப் பின்னாலிருந்து திரைமேல் விழும்படி வையுங்கள். இல்லாவிட்டால் சனி, ஞாயிறு மதியச் சாப்பாடு ஆனதும் ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். நாலு மணிக்கு மேல் மூட்டம் இறங்கிவிட்டால் அந்த ஜன்னலும் பயன்படாது.