40 மீனுக்கும் ஒரே நாளில் மண்டை உடையாது

கேள்வி: புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டிக்குச் சீப்ரா மீன்களை மாற்றினேன். வலைக்கம்பி பட்டு நாலைந்துக்குத் தலையில் காயம். மறுநாளிலிருந்து 40 மீன் சாய்ந்து சாய்ந்து சுற்றுகின்றன. மூளை வீங்கியிருக்கும் என்று மருந்து விற்பவர் வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து கொடுத்தார். 100 லிட்டருக்கு எத்தனை மில்லி ஊற்றணும்? மூளை கெட்ட மீன் தேறுமா? (கொளத்தூர், சென்னை)

பதில்: ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள் தம்பி.

அடிபட்ட மீன் தேறும். நமக்கு மூளையில் காயம் பட்டால் தழும்புதான் கட்டும். சீப்ராவுக்கு அப்படியில்லை. அதன் மூளைக்குள் இருக்கும் நீரறைகளின் சுவரில் தாய்ச்செல்கள் ஆயுசு முழுக்க இருக்கின்றன. காயம் பட்டதும் அவை மளமளவென்று பெருகும். பிறக்கும் செல்கள் காயத்துக்கு நகர்ந்துபோய்ப் புது நரம்புச் செல்களாகும். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மைக்கேல் பிராண்டின் ஆய்வுக்குழு 2011-இல் இதைக் காட்டியது. மூன்று மாதம் கழித்தும் அந்தப் புதுச் செல்கள் உயிரோடிருந்தன.

அடுத்த ஆண்டு அதே குழு கண்டதுதான் உங்களுக்கு முக்கியம். இந்த வேலையைத் தொடக்கி வைப்பதே அழற்சிதான், உங்கள் கடைக்காரர் அடக்கச் சொல்லும் அதே வீக்கம். காயமே இல்லாத மூளையில் அழற்சியை மட்டும் தூண்டியபோதும் தாய்ச்செல்கள் பெருகின. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து அதை அடக்கியபோது பெருக்கம் குறைந்துபோனது. மீன் தன்னைத்தானே சரிசெய்து கொள்ளப் போடும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற மருந்து அது. நோய் எதிர்ப்பும் அதோடு போகும். தொட்டியை வந்து பார்க்காமல், தண்ணீரைச் சோதிக்காமல் பாட்டிலை நீட்டுகிறவர் மருத்துவரல்ல, வியாபாரி. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கம்பி பட்டது நாலைந்துக்கு. மற்றவை ஏன் சுற்றுகின்றன? எனக்குச் சந்தேகம் சிமெண்ட் மேல்தான். பச்சைச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கினால் பிஹெச், அதாவது தண்ணீரின் கார அளவு, ஏறும்; அது ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் கொஞ்சம் அம்மோனியாவும் நஞ்சாகும். இரண்டையும் இன்றே சோதியுங்கள். ஏறியிருந்தால் பழைய தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மீன்களைப் பழக்கி, அங்கேயே திருப்பி விடுங்கள். காயம்பட்டவற்றைத் தனியே, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் தொட்டியில் வையுங்கள். சில வாரம் பொறுங்கள்.

புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, நிரப்பி நிரப்பி வடியுங்கள். பிஹெச் இறங்கிய பிறகும் முதலில் நாலு மீனை மட்டும் விட்டு இரண்டு நாள் பாருங்கள்.