டெண்டன் ஏன் ஒரே சீசனில் அறுந்தது?

கேள்வி: விண்ட்சர்ஃபிங் போர்டையும் மாஸ்டையும் (பாய்மரம்) இணைக்கும் இடத்தில் ஐந்து வருடம் ரப்பர் ஜாயிண்ட் வைத்திருந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. போன சீசனில் டெண்டன் (வளையும் பாலியூரிதேன் பிளாஸ்டிக் துண்டு) வகை மாஸ்ட் பேஸுக்கு மாறினேன். வார இறுதியில் மட்டும்தான் தண்ணீரில் இறங்குவேன். மற்ற நாட்களில் ரிக்கை (மாஸ்டும் பாயும் சேர்ந்த பகுதி) கழற்றாமல் போர்டோடு சேர்த்துக் கரையிலேயே படுக்கப் போட்டுவிடுவேன். போன வாரம் ஆழமில்லாத இடத்தில் விழுந்து பாயைத் தூக்கும்போது டெண்டன் அறுந்துவிட்டது. டெண்டனின் முனையைப் பிடித்திருக்கும் கீழ்க் கப்பின் விளிம்பை ஒட்டி அறுந்திருக்கிறது. அறுந்த முகத்தில் பாதி கருத்து அழுக்காக இருக்கிறது, மீதி பளிச்சென்று புதிதாக இருக்கிறது. டெண்டன் என்பதே மட்டமான வகையா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? இப்போதைக்குப் பழைய ரப்பர் ஜாயிண்ட்டை மாட்டி ஓட்டலாமா?

பதில்: அறுந்த முகத்தைக் கவனித்து எழுதியதற்கு முதலில் நன்றி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கருத்து அழுக்கேறிய பாதி அன்றைக்கு அறுந்ததே இல்லை. அங்கே பல வாரமாகவே விரிசல் இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன. பளிச்சென்ற பாதிதான் அன்று போனது. அதாவது சில வாரமாக நீங்கள் பாதித் தடிமன் டெண்டனோடு ஓட்டியிருக்கிறீர்கள். கப்பின் விளிம்பில் டெண்டனை வளைத்துப் பார்த்திருந்தால் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்தது விரிசல் ஏன் வந்தது என்பது. பலரும் ஓட்டும்போதுதான் டெண்டன் தேய்கிறது என்று நினைக்கிறார்கள். ஓடும் நேரத்தில் அதற்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஹார்னஸில் (உடம்பில் கட்டும் பட்டை) தொங்கும் ஆளின் எடையில் ஒரு பங்கு பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) வழியாக மாஸ்டுக்குப் போய், மாஸ்ட் போர்டை அழுத்துகிறது. அப்போது டெண்டன் பெரும்பாலும் அமுக்கத்தில் இருக்கும், மாஸ்டின் சாய்வும் சில டிகிரிதான். அமுக்கப்படும் பாலியூரிதேன் கிழியாது. இழுபடும் பக்கம்தான் கிழியும்.

இழுபடுவது எப்போது? ரிக் படுத்துக் கிடக்கும்போது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெண்டன் 25 மிமீ தடிமன், இரண்டு கப்புகளுக்கு நடுவே வளையக்கூடிய நீளம் 40 மிமீ என்று வைத்துக்கொள்வோம். அதை 90 டிகிரி வளைத்தால் வளைவின் ஆரமும் ஏறக்குறைய 25 மிமீ ஆகிறது. வெளிப்பக்கத் தோல் சுமார் 50 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது. அதே தடிமனில் வளையும் நீளம் 60 மிமீ இருந்தால் இழுப்பு 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குட்டையான, தடித்த டெண்டன் பார்க்க உறுதியாகத் தெரியும். மடங்கிக் கிடக்கும்போது அதிகம் பாடுபடுவது அதுதான்.

நீங்கள் வார நாட்கள் முழுவதும் ரிக்கைப் படுக்கப் போட்டதால் டெண்டனின் ஒரே பக்கம் இப்படி இழுபட்டபடியே வெயிலில் கிடந்திருக்கிறது. காகிதக் கட்டில் இழுத்து மாட்டிய ரப்பர் பேண்ட் சில மாதத்தில் வெடித்துவிடும். டப்பாவில் சும்மா கிடப்பது அப்படியே இருக்கும். இழுபட்ட நிலையில் பொருள் கிழடு தட்டுவது வேகமாக நடக்கும். ரப்பர் என்றால் காற்றில் உள்ள ஓசோன், இழுப்புக்குக் குறுக்கே மெல்லிய விரிசல்களைப் போடும். பாலியூரிதேன் ஓசோனைத் தாங்கும், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் மேல் தோலைக் கடினமாக்கிவிடும். கடினமான தோல் நீள முடியாமல் வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு முறை மடங்கும்போதும் அந்த வெடிப்பின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். வெடிப்பு கப்பின் விளிம்பில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. வளைகிற பாகமும் வளையாத பாகமும் சந்திக்கும் இடம் அது, அழுத்தம் அங்கேதான் குவியும். விளிம்பு கூர்மையாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். புது பேஸ் வாங்கும்போது கப்பின் உள் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நன்றாக உருட்டிவிட்டிருக்க வேண்டும். விரலில் கூர்மை தட்டினால் அந்த பேஸ் வேண்டாம்.

அதனால் டெண்டன் மட்டமான வகையா என்ற கேள்விக்கு என் பதில் திட்டவட்டமானது: இல்லை. நான் இன்றைக்கும் டெண்டனைத்தான் பரிந்துரைப்பேன். அறுவதற்கு முன்னால் அது நமக்குத் தெரியும்படி வெடிக்கிறது, அதுதான் காரணம். மணல் கடிகார வடிவ ரப்பர் ஜாயிண்ட்டில் ரப்பரை இரண்டு பக்கமும் உலோகத் தட்டில் பதித்து ஒட்டியிருப்பார்கள். இடை ஒல்லியாக இருப்பது வளைவை நடுவில் வைத்து ஒட்டைக் காப்பாற்றத்தான். நல்ல யோசனை, நன்றாக உழைக்கவும் செய்யும். ஆனால் ஒட்டு விடுவது பெரும்பாலும் உள்ளே. உப்புத் தண்ணீர் விளிம்பு வழியாக இறங்கி, உலோகத்தை அரித்து, ஒட்டைத் தூக்கிவிடும். வெளியே பார்த்தால் ரப்பர் புதிது போலவே இருக்கும். ஒருநாள் முழுதாகக் கழன்று வரும். இதனால்தான் அந்த வகையில் பக்கவாட்டில் பட்டையோ கயிறோ சேர்த்தே தருகிறார்கள்.

ஜிம் டிரேக்கும் ஹொய்ல் ஷ்வைட்ஸரும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970-இல் பெற்ற வடிவமைப்பின் உயிரே, மாஸ்டை எந்தப் பக்கமும் சாய விடும் இந்த இணைப்புதான். சுக்கான் இல்லாத ஒரு மிதவையைப் பாயைச் சாய்த்தே திருப்ப முடிகிறது என்றால் அது இந்தச் சின்னத் துண்டின் தயவு. விலை உயர்ந்த பாயையும் மாஸ்டையும் தேர்வு செய்ய நாள் கணக்கில் யோசிப்பவர்கள் இதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மடங்கிக் கிடப்பதைத் தவிர இன்னொன்றும் டெண்டனைக் கொல்லும்: நெம்புதல். மாஸ்ட் முழுதாகச் சாய்ந்ததும் எக்ஸ்டென்ஷனின் (மாஸ்டின் அடியில் செருகும் நீட்டிப்புக் குழாய்) அடிப்பாகம் போர்டின் மேல் முட்டும். அதற்கு மேலும் தள்ளினால் முட்டிய இடம் ஆதாரமாகி, மாஸ்ட் நெம்புகோல் போல டெண்டனை மேலே பிடுங்கும். முட்டும் இடம் டெண்டனிலிருந்து 10 செமீ, பிடிக்கும் கை முட்டும் இடத்திலிருந்து 140 செமீ என்றால், கை கொடுக்கும் 20 கிலோ விசை டெண்டனில் 280 கிலோ இழுப்பாகிறது. கரையில் உடையும் அலைக்குள் ரிக் புரளும்போது நடப்பது இதுவே. பூமைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகையில் போர்டின் மூக்கு மணலில் குத்தினாலும் இதுதான். தூக்கும்போது ஒரு கை பூமிலும் ஒரு கை ஃபூட் ஸ்ட்ராப்பிலும் (போர்டில் கால் நுழைக்கும் பட்டை) இருக்கட்டும்.

பல பேஸ்களில் ரிக் தன் அச்சில் சுழல ஓர் இடம் விட்டிருப்பார்கள். அங்கே மணலும் உப்பும் இறுகிவிட்டால் சுழல வேண்டியதெல்லாம் முறுக்காக மாறி டெண்டனில் இறங்கும். நல்ல தண்ணீரில் அலசினாலே போதும், இதற்கு மேல் வைத்தியம் தேவையில்லை.

சரி, எப்படிப் பரிசோதிப்பது? பேஸை போர்டிலிருந்து கழற்றி, கழுவித் துடைத்துக் காய விடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் பிடித்து 90 டிகிரி வளையுங்கள். வளைத்தபடியே மெதுவாக எல்லாத் திசைக்கும் சுற்றி வாருங்கள். கண் வளைவின் வெளிப்பக்கத்தில், கப்பின் விளிம்பை ஒட்டிய அரை அங்குலத்தில் இருக்கட்டும். முடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரம் லேசாக வெளுத்துத் தெரிந்தால் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்த டெண்டன் முடிந்தது. அடுத்த வாரம் வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. வெறும் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல பாலியூரிதேன் வகைகள் வெயில் பட்டாலே மஞ்சளாகும், அதனால் மட்டும் பலம் போய்விட்டதாக அர்த்தமில்லை. ஆனால் தோல் பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ உடனே தூக்கிப் போடுங்கள். பாலியெஸ்டர் அடிப்படையிலான பாலியூரிதேனை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைக்கும். பெட்டியில் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும் என்பதால் பழைய ஸ்டாக் உதிரி டெண்டனை நம்பாதீர்கள். பாலியீத்தர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது கேட்டுப் பார்க்கலாம்.

டெண்டனைக் கப்போடு பிடித்திருக்கும் பின்னையும் போல்ட்டையும் உருவிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் பிளாஸ்டிக்குக்குள் உப்புத் தண்ணீரோடு அடைந்து கிடந்தால் அதுவும் குழி விழுந்து அரிக்கும். 316 ரகம் 304-ஐவிடத் தாங்கும், அவ்வளவுதான். பழுப்புப் புள்ளியைத் துடைத்த பிறகு குழி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அந்தப் பின் நுழையும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தால் டெண்டனையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்றும் கால அளவைப் பொறுத்தவரை, வாரம் பல நாள் தண்ணீரில் இருப்பவர் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மாற்றிவிடுவது நல்லது. உங்களைப் போல வார இறுதியில் ஓட்டுபவர், ரிக்கைக் கழற்றி வைத்தால், இரண்டு சீசன் வரை போகலாம். மாதம் ஒருமுறை வளைத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. விரிசல் இல்லாமல் மாற்றிய பழைய டெண்டனைத் தேதி எழுதி அவசர உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகையாக இருந்தாலும் பாதுகாப்புக் கயிறு இல்லாத பேஸை வாங்காதீர்கள். டெண்டன் அறுந்தாலும் ரிக்கும் போர்டும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்தக் கயிறு. அதன் நீளம்தான் சூட்சுமம். ஜாயிண்ட்டை எந்தப் பக்கம் 90 டிகிரி மடக்கினாலும் கயிறு இறுகக் கூடாது. இறுகினால் ஒவ்வொரு மடக்கிலும் அதுவே சுமையை வாங்கி விளிம்பில் அறுபடும். மிக நீளமாக விட்டாலும் ஆபத்து, அறுந்த மாஸ்ட் அடி துள்ளிப் போர்டைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். நூல் பிரிந்து பஞ்சு போல் ஆன கயிற்றை டெண்டனுக்குக் காத்திராமல் மாற்றுங்கள்.

நீங்கள் கால் தரிக்கும் ஆழத்தில் விழுந்தது நல்லதாகப் போயிற்று. ஆழத்தில் ரிக் தனியே பிரிந்தால், தண்ணீரில் அமிழ்ந்த பாய் நங்கூரம் மாதிரி நின்றுவிடும். போர்டு காற்றில் வேகமாக விலகிப் போகும், நீந்திப் பிடிப்பது கஷ்டம். அந்த நிமிடத்தில் போர்டைத்தான் பிடிக்க வேண்டும். ஹார்னஸில் எப்போதும் இரண்டு மீட்டர் கயிறு வைத்திருங்கள். போர்டு கையில் இருக்க, ரிக்கும் எட்டும் தூரத்தில் இருந்தால், எக்ஸ்டென்ஷனின் அடியை பேஸ் பிளேட்டோடு (போர்டில் பொருத்தியிருக்கும் அடித்தட்டு) பலமுறை சுற்றி இறுக்கிக் கட்டலாம். பிளேட்டில் பிடிப்பு கிடைக்காவிட்டால் முன் ஃபூட் ஸ்ட்ராப்பில் கட்டுங்கள். மெதுவாகக் கரை சேர அது போதும். கட்ட முடியவில்லை என்றால் ரிக்கை விட்டுவிட்டுப் போர்டில் படுத்துத் துடுப்புப் போடுங்கள்.

கடைசியாகப் பழைய ரப்பர் ஜாயிண்ட். மாட்ட வேண்டாம். ஐந்து வருடம் உப்புத் தண்ணீர் பார்த்த ஒட்டு உள்ளே எப்படி இருக்கிறது என்று வளைத்துப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. இப்போதுள்ள பேஸின் கப், பிளேட் இரண்டும் நன்றாக இருந்தால் டெண்டனையும் பின்களையும் கயிற்றையும் மட்டும் புதிதாகப் போடுங்கள். முழு பேஸ் வாங்கத் தேவையில்லை. ஆனால் அறுந்தது கீழ்க் கப்பின் விளிம்பில் என்பதால், புதிதை மாட்டுவதற்கு முன் அந்த விளிம்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். பிசிறு ஏதாவது இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் உருட்டி மழுக்கிவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.